உங்கள் ஊர்ப் பழைய பாலத்துக்கு என்ன கதை? – சுலோசன முதலியார் பாலத்திலிருந்து தொடங்குகிறேன்

வண்ணார்பேட்டை எழுதியது:

எங்கள் ஊரில் அதற்கு ஆத்துப்பாலம் என்றுதான் பெயர். சுலோசன முதலியார் பாலம் என்ற முழுப்பெயரை நான் முதலில் கேட்டது அம்மாவிடம். ஆறாம் வகுப்புக்கு என்னை டவுனில் சேர்த்தார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் பாலத்தைத் தாண்டித்தான் ஜங்ஷன், அப்புறம் டவுன். முதல் நாள் கூட வந்த அம்மா, பஸ் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டி, "இந்தப் பாலம் ஒரு பொம்பளையோட நகையில நிக்குதுல" என்றாள். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

கதை இதுதான். பாலம் வருவதற்கு முன் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. படகில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, அடிதடி, ஒருநாள் அது பெரிய கலவரமாகி உயிரே போயிற்று என்பார்கள். கலெக்டர் தாம்சன் கூட்டம் போட்டார். பாலம் கட்ட அரை லட்சம் ரூபாய் வேண்டும், கிழக்கிந்தியக் கம்பெனி தராது, மக்களிடம் வசூலிப்பது என்று முடிவாயிற்று. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் வீட்டுக்குப் போய்த் தூங்காமல் புரண்டார். ஏழைபாழைகளிடம் போய் எப்படிக் கை நீட்டுவது? மனைவி வடிவாம்பாள் என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நகைகளைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். மறுநாள் முதலியார் அதைக் கொண்டுபோய்க் கலெக்டர் மேசையில் வைத்து, "முழுச் செலவும் என்னுடையது" என்றார்.

பாலம் 1843இல் திறந்தது. 11 வளைவுகள். அவருடைய சொந்தச் செலவில் கட்டியது என்று கல்வெட்டே சொல்கிறது. நகையும் தாம்பாளமும் மட்டும் கல்வெட்டில் இல்லை. அவை எங்கள் ஊர் வாயில் இருக்கின்றன.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. இந்தக் கதைகளைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பாலத்துக்கு என்ன கதை என்று எழுதுங்களேன்.

---

மதகு எழுதியது:

வணக்கம். பாலங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளன் நான். உங்கள் பாலத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

வளைவு ஒன்றுக்கு 60 அடி அகலம். 11 வளைவும் தூண்களும் சேர்ந்து சுமார் 800 அடி நீளம். இரும்புக் கம்பி என்பதே இல்லாத காலம். கல் நெருக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால்தான் வளைவு. மேலே போகிற பாரமெல்லாம் கல்லைக் கல் நெருக்கியபடி வளைந்து இறங்கித் தூணுக்குப் போய்விடும். கட்டுவதற்கு முதலில் வளைவின் வடிவில் மரச்சாரம் போட வேண்டும். அதன் மேல் இரண்டு பக்கமிருந்தும் கல்லை அடுக்கிக்கொண்டே வந்து, நடு உச்சியில் கடைசிக் கல்லை இறக்குவார்கள். சுண்ணாம்புச் சாந்து இறுகிய பிறகுதான் சாரத்தைப் பிரிப்பார்கள். பிரிக்கிற அந்தக் கணம்தான் கட்டியவனுக்குப் பரீட்சை.

இன்னொன்றும் இருக்கிறது. தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆற்றுக்குள் நிம்மதியாக நின்று வேலை செய்ய மாசியிலிருந்து வைகாசி வரைதான் காலம். 1840இல் பேச்சு எடுத்து 1843இல் முடித்தார்கள் என்றால், கைக்குக் கிடைத்தது மூன்று கோடைகள். அதற்குள் 11 வளைவு. பேபர், ஹார்ஸ்லி என்ற இரண்டு ராணுவப் பொறியாளர்களின் பெயர் இந்தப் பாலத்தோடு சேர்ந்து வரும். வேலை தெரிந்தவர்கள்.

லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். தூண்களில் இரட்டை இரட்டையாக நிற்கும் அலங்காரக் கம்பங்கள் அந்தச் சாயல்தான். அந்த வாட்டர்லூ பாலம் 1817இல் திறந்தது. அஸ்திவாரம் இறங்கிப் போனதால் 1930களில் இடித்துவிட்டார்கள். உங்களுடையது நிற்கிறது.

நகைக் கதையில்தான் எனக்குச் சங்கடம். குளம் வெட்டினவர், கோபுரம் கட்டினவர், அணை கட்டினவர் என்று எவர் கதையை எடுத்தாலும் மனைவி நகையைக் கழற்றிக் கொடுக்கிறார். கம்பெனி உத்தியோகத்தில் இருந்த பெரிய மனிதர்கள் தர்மமாகப் பாலம் கட்டுவது அன்று வழக்கத்தில் இருந்தது. காவிரியில் சிவசமுத்திரத்தில் ராமசாமி முதலியார் 1830களின் தொடக்கத்தில் பாலம் கட்டிக் கொடுத்தார். அதற்காகக் கம்பெனி அவருக்கு ஜாகீர், அதாவது மானிய நிலம் கொடுத்தது. சுலோசன முதலியார் முன்னால் அந்த உதாரணம் இருந்தது. அந்த வழியில் யோசித்தால் தாம்பாளம் இல்லாமலே கதை முழுமையாக இருக்கிறது. நல்ல மனிதரின் நல்ல செயலுக்கு ஜோடனை தேவையில்லை என்பது என் எண்ணம்.

---

சைதைவாசி எழுதியது:

சொந்தப் பணத்தில் பாலம் என்றதும் எங்கள் சைதாப்பேட்டைப் பாலம் நினைவுக்கு வந்துவிட்டது. இன்றைய மறைமலையடிகள் பாலம் 1966இல் வந்தது. அதே இடத்தில் அதற்கு முன் 240 வருடம் வேறு பாலம் இருந்தது. மர்மலாங் பாலம் என்பார்கள். மாம்பலம் என்ற பேர்தான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆயிற்று.

1726இல் அதைக் கட்டியவர் வெள்ளைக்காரரும் இல்லை, நம்மூர்க்காரரும் இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சென்னையில் வந்து பெரிய பணக்காரர் ஆனவர். பரங்கிமலையில் தோமையார் கோயிலுக்குப் போகிறவர்கள் அடையாற்றில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. 30,000 வராகன் (அந்தக் காலத் தங்கக்காசு) போட்டுப் பாலம் கட்டினார். அதோடு நிற்கவில்லை. மலையேறப் படிகளும் கட்டினார். பாலத்தைப் பராமரிக்க 1,500 வராகன் தனியாக ஒதுக்கி வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம். பாலம் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டிய பாலத்துக்கு வருங்காலத்தில் பழுது வருமே என்று யோசித்துப் பணம் வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

அவர் வைத்த கல்லில் மூன்று மொழிகள் இருக்கின்றன: ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன். நான் சைக்கிளில் காலேஜ் போன காலத்தில் அந்தக் கல் சாலையோரம் பாதி புதைந்து கிடந்தது. சாலை போடப் போட மட்டம் உயரும். கல் இறங்கிக்கொண்டே போகும். சுற்றிலும் போஸ்டர். ஒருநாள் டயர் பஞ்சராகி அங்கே நின்றபோதுதான் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியவில்லை. பஞ்சர் ஒட்டிய பெரியவரிடம் கேட்டேன். "யாரோ வெளிநாட்டு மகராசன் தம்பி, பாலம் கட்டினவன்" என்றார். எழுத்து படிக்க ஆளில்லாத ஊரிலும் சேதி மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. இப்போது அந்தக் கல்லை எடுத்துச் சீரமைத்து மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

---

வண்ணார்பேட்டை எழுதியது:

சைதைவாசி, பராமரிப்புப் பணம் பற்றிய செய்தி எனக்குப் புதிது. நன்றி.

மதகு ஐயா, உங்கள் மூன்று கோடைக் கணக்கை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ வேலை செஞ்சவுக எத்தனை பேரு இருப்பாக?" என்று கேட்டாள். கைதிகளை விலங்கோடு கொண்டுவந்து வேலை வாங்கினார்கள் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதுவும் அம்மா சொன்னதுதான். பணம் கொடுத்தவர் பெயர் கல்லில். நகை கொடுத்தவர் பெயர் கதையில். கல் சுமந்தவர்களுக்கு இரண்டிலும் பெயர் இல்லை.

நகைக் கதையை விடச் சொல்கிறீர்கள். விட எனக்கு மனம் இல்லை ஐயா. வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள் என்பதைச் சொல்ல அந்தக் கதையைத் தவிர எங்களிடம் வேறெதுவும் கிடையாது.

---

தேரடி எழுதியது:

பாலம் என்றால் பாம்பனை விட்டுவிட்டுப் பேச முடியுமா? 1964 புயலில் பாலத்தில் போய்க்கொண்டிருந்த ரயில் அப்படியே கடலில் விழுந்ததே, அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது எழுதுங்கள். என் தாத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

---

தங்கச்சிமடம் எழுதியது:

தேரடி, உங்கள் தாத்தா சொன்னதாக நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். கோபித்துக்கொள்ள வேண்டாம், வெளியூரில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ரயில் பாலத்திலிருந்து விழவில்லை.

அது பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர், 653ஆம் எண். பாம்பன் ஸ்டேஷன் தீவுக்குள்ளேதான் இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு நெருங்கும்போது பாம்பனிலிருந்து கிளம்பி, தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அலை அடித்துப் போயிற்று. இரண்டு பக்கமும் கடல் உள்ள மணல் திட்டு அது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. டிக்கெட் எடுத்தவர் கணக்கு 110 பேர். எடுக்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யார் சொல்வது? தனுஷ்கோடி என்ற ஊரே அந்த ராத்திரியோடு முடிந்தது.

பாலமும் அதே புயலில்தான் போயிற்று. இரண்டும் ஒரே ராத்திரி என்பதால் கதையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம், 145 கண், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளி. அவற்றின் மேல் கிடந்த இரும்பு உத்தரங்களில், கர்டர் என்பார்கள், 126ஐக் கடல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நடுவில் கப்பலுக்குத் திறக்கிற தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. அது 1913லேயே பூட்டிய, ஷெர்சர் என்ற வகைத் தூக்குப்பாலம். இரண்டு இறக்கைகளையும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்க வேண்டியிருந்தது.

பாலத்தைத் திரும்ப நிறுத்த ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். அப்புறம் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். இளம் பொறியாளராக வந்த ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த அதே ஸ்ரீதரன்தான். இதை எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இதோடு சேர்த்துச் சொல்கிற இன்னொரு கதை உண்டு.

புது கர்டர் செய்து வர நேரமில்லை. கடலுக்குள் போனதைத்தான் தேடி எடுத்தாக வேண்டும். எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வலை போடுகிறவனுக்குத்தான். வலை கிழிந்த இடம், நீரோட்டம் திடீரென்று சுழிக்கிற இடம், இதெல்லாம் அவனுக்குக் கணக்கு. எங்கள் பெரியப்பாவுக்கு அப்போது 19 வயது. வத்தை என்கிற சின்னப் படகில் ஆள்களைக் கூட்டிப்போய் இடம் காட்டியவர்களில் அவரும் ஒருவர். தண்ணீருக்குள் முங்கி முதல் கர்டரைத் தொட்டபோது, அதில் அதற்குள் பாசி பிடித்துக் காலில் வழுக்கியது என்பார். "கடல் எடுத்தத தன்னோடதாக்கிக்க ரெண்டு வாரம் போதும்டா" என்பார். அப்படித் தேடி எடுத்து, துடைத்து, நிமிர்த்தி மாட்டிய கர்டர்கள் மேல்தான் திரும்பவும் ராமேஸ்வரம் ரயில் போனது.

பெரியப்பா கடைசி வரை ரயிலில் போனால் பாலம் முடியும் வரை உட்கார மாட்டார். வாசலில் நின்று, கீழே ஒவ்வொரு கண்ணையும் எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டே வருவார். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி நின்றுவிடும். அப்படி மண்டபத்தில் நின்ற ராத்திரிகளில் எங்களைத் தூங்கவிடாமல் இந்தக் கதையைச் சொல்வார்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. அதில் நடுக்கண் 72.5 மீட்டர், அப்படியே நேராக லிப்ட் போல மேலே போகிறது. ஒரு பொத்தானில் வேலை முடிகிறது. நல்ல பாலம். பெரியப்பா பார்க்கவில்லை.

---

தேரடி எழுதியது:

கோபம் எதற்கு? இத்தனை வருடம் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்றுதான் இருக்கிறது. உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

---

அமராவதிக்கரை எழுதியது:

எல்லாரும் பெருமையான கதைகளாகச் சொல்கிறீர்கள். நான் ஒரு பயந்த கதை சொல்கிறேன், சரியா?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊருக்கு வெளியே ஒரு பாலம் போட்டார்கள். பெரிய பாலம்கூட இல்லை. ஜல்லி வந்து இறங்கிய அன்றைக்கே அப்பத்தா கதவைச் சாத்திவிட்டாள். "பாலத்துக்குப் பலி குடுக்கோணும். தலைச்சன் பிள்ளையாப் பாத்துப் புடிச்சுட்டுப் போவானுங்க. சாக்கு வெச்சுட்டு எவனாச்சும் வந்தா கிட்டப் போகாத." நான் தலைச்சன். அந்த வேலை நடந்த ஆறேழு மாதமும் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனதில்லை. ஊரில் தலைச்சன் பிள்ளைகளை எல்லாம் இப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பாவம், பழைய துணி வாங்க வந்த ஒருவரைப் பிடித்து அடித்தும்விட்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்காத ஊர் உண்டா? ஒவ்வொரு பாலத்துக்கும் இது ஏன் முளைக்கிறது என்று எனக்கு இன்றும் ஒரு கேள்வி. மதகு ஐயா போன்றவர்கள் இதைக் கேட்டிருப்பீர்களே?

---

மதகு எழுதியது:

கேட்டிருக்கிறேன் அம்மா. வேலை நடந்த இடங்களில் ஊர்க்காரர்கள் எங்கள் ஜீப்பைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். வேலையில் பழுத்த பிறகு எரிச்சல் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

மணல் ஆற்றில் தூணுக்கு அஸ்திவாரம் போடுகிற பழைய முறைக்குக் கிணறு இறக்குவது என்று பெயர். வட்டமாகச் சுவர் கட்டி, அதன் உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, சுவர் தன் கனத்தால் தானே கீழே இறங்கும். கெட்டித்தரை வரும் வரை இறக்கி, பிறகு உள்ளே நிரப்பி மூடிவிடுவார்கள். அந்தக் காலத்தில் உள்ளே ஆள் இறங்கித்தான் தோண்டுவான், முங்கியும் தோண்டுவான். கரையில் நின்று பார்க்கிற ஊர்க்காரர் கண்ணுக்கு என்ன தெரியும்? ஆற்றுக்கு நடுவே ஒரு குழி. அதற்குள் ஆள் போகிறான். ஒருநாள் குழியை மூடிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு வேலையில் ஒருவன் உள்ளே போய்த் திரும்பவில்லை என்றால் அந்தச் செய்தி நூறு ஊருக்குப் போகும். துணி வாங்க வந்தவரை அடித்தது கொடுமை. அதற்கு நியாயமே கிடையாது. ஆனால் பாலம் உயிர் கேட்கும் என்ற பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. என் பணிக்காலத்தில் ஒரு பாலத்தில் சாரம் சரிந்து ஒருவர் இறந்தார். எந்தப் பாலம், எந்த வருடம் என்பது வேண்டாம். சித்தாளாக வந்த மனைவி அன்று கரையில் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடினோம். அவள் மட்டும் கையில் இருந்த வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். தண்ணீர் வாளியின் விளிம்பில் வழிந்து காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. திறப்பு விழாக் கல்லில் ஏழு பெயர்கள் பொறித்தோம். என் பெயரும் அதில் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. அப்போது எனக்கு அது தோன்றவும் இல்லை.

வண்ணார்பேட்டையின் அம்மா கேட்டாரே, வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று. அதைப் படித்த ராத்திரி இது ஞாபகம் வந்தது.

---

ஊவாக்காரி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் எல்ல – தெமோதரைக்கு நடுவே ஒரு ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. இப்போது உலகமே வந்து படம் எடுக்கிறது. சிங்களத்தில் அதற்கு 'அஹஸ் நமயே பாலம', அதாவது ஒன்பது வானப் பாலம் என்று பெயர். அடியில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒவ்வொரு வானம் தெரியும். நாங்கள் ஸ்கூல் விட்டு வரும்போது எண்ணுவோம். மூடுபனி இறங்கிய நாளில் ஐந்து வானம், ஆறு வானம்தான் இருக்கும்.

அதற்குச் சொல்கிற கதை: பேயாட்டம் ஆடுகிற அப்புஹாமி என்பவர் ஒரு வெள்ளைக்காரத் துரையைச் சந்திக்கிறார். பள்ளத்தில் சேறு, அஸ்திவாரம் நிற்கவில்லை, என்ன செய்வதென்று துரை திகைத்து நிற்கிறார். நான் கட்டித் தருகிறேன் என்று அப்புஹாமி முன்வருகிறார். பெரிய பாறைகளை உருட்டிவிட்டுச் சேற்றை நிரப்பி, ஊர் ஆட்களைக் கொண்டே முடித்துவிடுகிறார். மிஞ்சின காசு வண்டி வண்டியாக ஊருக்கு வந்தது, வீட்டுக்கு வீடு வெள்ளிக்காசு கொடுத்தார் என்பார்கள். இன்னொரு கதை, முதலாம் உலகப்போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால் இரும்பே இல்லாமல் கட்டினார்கள் என்பது.

பாலம் முடிந்தது 1921இல். ரயில்வேயில் இருந்த ஹரோல்ட் மார்வுட் என்ற பொறியாளரின் வடிவமைப்பு. இது பற்றிய அறிக்கை 1923இல் இலங்கைப் பொறியியல் சங்க வெளியீடாக, வரைபடங்களோடு வந்திருக்கிறது. அதன் தலைப்பிலேயே கான்கிரீட் பாலம் என்றுதான் இருக்கிறது. அப்போ பாறை உருட்டின கதை பொய்யா? அந்த அறிக்கையைப் பற்றித் தெரிந்த பிறகும் அப்புஹாமி கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அது அந்தப் பள்ளத்துச் சனங்கள் தங்கள் கையும் இதில் பட்டது என்று சொல்லிக்கொள்ளும் விதம் என்பதால்.

எனக்கு மனத்தாங்கல் வேறு. மலைநாட்டு ரயில் பாதை நெடுக எங்கட தோட்டத்துச் சனங்களின் பாட்டன் பூட்டன் உழைப்பு உண்டு. பாலத்தைச் சுற்றி இருப்பதும் தேயிலைதான். ஆனால் பாலத்தைப் பற்றிச் சொல்கிற எந்தக் கதையிலும் ஒரு தமிழ்ப் பெயர் கிடையாது. அப்புஹாமிக்குக் கதையாவது கிடைத்தது. மதகு ஐயா எழுதிய வாளியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

---

குழித்துறை எழுதியது:

எங்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போகிற பாலம். பக்கத்தில் மனிதர் நடக்கலாம். 28 தூண், உயரம் 115 அடி, 1966இல் வந்தது. கதை எல்லாம் பெரிதாக இல்லை. காமராஜர் கொடுத்தது என்பார்கள், அவ்வளவுதான். வறண்டு கிடந்த விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் கதை தேவைப்படவில்லை போல.

---

தேரடி எழுதியது:

குழித்துறை சொன்னது நல்ல பாயிண்ட். எனக்கு ஒரு கேள்வி. நாளைக்கு ஆத்துப்பாலத்தில் ஒரு விவரப் பலகை வைக்கிறார்கள் என்று வையுங்கள். வடிவாம்பாள் நகையை அதில் எழுதலாமா, கூடாதா? மதகு ஐயாவின் தீர்ப்பு என்ன?

---

மதகு எழுதியது:

தீர்ப்பு சொல்ல நான் யார் தம்பி. இந்த இழையைத் தொடங்கியபோது கேட்டிருந்தால் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். இப்போது எழுதலாம் என்பேன், ஒரு நிபந்தனையோடு. "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்ற மூன்று வார்த்தையை விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் 653ஆம் எண் ரயில் பாலத்திலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடும். அந்த மூன்று வார்த்தை இருந்தால் கதைக்கும் மரியாதை, கல்வெட்டுக்கும் மரியாதை. கைதிகள் பேச்சையும் அதே மூன்று வார்த்தையோடு எழுதுங்கள்.

---

வண்ணார்பேட்டை எழுதியது:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு பாலம் இருக்கும் கொக்கிரகுளம் பக்கம் போனேன். பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு நெரிசல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கல்வெட்டுக்கு முன்னால் அம்மா நின்றாள். இங்கிலீஷ் தெரியாது, பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், காட்டினேன்.

அப்புறம் படித்துறை வழியாக மெதுவாகக் கீழே இறங்கினோம். மதகு ஐயா சொன்ன மாதிரி அண்ணாந்து பார்த்தேன். பின்னால் அகலப்படுத்தியபோது ஒட்டிய பகுதி தனியாகத் தெரிகிறது, பழைய வளைவு தனியாகத் தெரிகிறது. எத்தனை தடவை மேலே போயிருப்பேன், இதை இன்றுதான் பார்க்கிறேன். 1869 வெள்ளத்தில் சில வளைவுகள் போய்த் திரும்பக் கட்டினார்கள் என்று படித்திருந்தேன். எந்த வளைவு என்று தேடினேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கி, ஆறு இந்த வளைவுகளை முட்டிக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தோம். பாலம் போய்விடும் என்று அழுதவர்கள் உண்டு. அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஒரு பச்சைச் சேலைக் கிழிசல் இன்னும் தூணில் ஒரு கல் இடுக்கில் சிக்கிக் கிடக்கிறது.

அம்மா காலை ஆற்றில் நனைத்துக்கொண்டு, கையை நீட்டித் தூணின் கல்லைத் தொட்டாள். "வாளி வெச்சிருந்தாளாமே, அந்தப் பிள்ளை பேரென்னன்னு அவர்ட்ட கேளு" என்றாள்.

கேட்கச் சொன்னாள் ஐயா. கேட்டுவிட்டேன்.

---

மதகு எழுதியது:

ராக்கம்மா. புருஷன் பெயர் சுடலை.